பாதாளத்து வண்டி

பிப்ரவரி 16, வெள்ளி

பல் டாக்டரிடம் போகவில்லை. காலையிலேயே பங்குச்சாமியார் வந்துவிட்டார். வியான்னி சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகம் இந்த ஊரில் நின்று இருபத்திரண்டு வருடம் ஆகிறதாம், நான்தான் மறுபடி எடுத்து நடத்தித் தர வேண்டுமாம். கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ரிட்டயர் ஆகி, சம்மனசுகுளத்துக்கு நான் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை இந்த ஊரில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னதைத் தவிர.

"யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்றேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. மத்தியகால இங்கிலாந்தின் சமய நாடகங்களைப் பற்றி முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். அதை முழுக்கப் படித்தது டைப் அடித்த பெண் மட்டும்தான். முப்பது வருடம் கழித்து அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

"சாமி படி இறங்குறதுக்குள்ள மூஞ்சி பூராச் சிரிப்பு. இதுல யோசனையாம்" என்றாள் பிலோமி. முப்பத்து மூன்று வருடக் குடித்தனத்தில் என் மனைவி என்னைப் பாராட்டியதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் வரவில்லை. ஓட்டல் இட்லி.

திட்டம் தயார். மேடை கிடையாது. மத்தியகால இங்கிலாந்தில் நாடகம் சக்கரத்தின் மேல் நடந்தது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு வண்டி. வண்டி தெருத் தெருவாகப் போய் நின்று நடித்துவிட்டு நகரும், பின்னால் அடுத்த வண்டி வரும். ஜனங்கள் நின்ற இடத்திலேயே உலகம் தோன்றியது முதல் முடிவு வரை பார்த்துவிடுவார்கள். இங்கே டிராக்டர் டிரெய்லருக்குப் பஞ்சமா? ஐந்து வண்டி, ஐந்து தெரு.

அதைவிட அழகான வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கதையும் ஒவ்வொரு தொழில்காரர்களுக்குச் சொந்தம். யார்க் நகரத்தில் நோவாவின் பேழையைக் கட்டியது கப்பல் தச்சர்கள். கடைசி இராவுணவு ரொட்டி சுடுபவர்களுக்கு. சிலுவையில் அறைவது ஆணி செய்பவர்களுக்கு. தங்கள் தொழிலே சாமி கதையில் நடப்பதைப் பார்த்து அவர்களுக்கு எத்தனை பெருமை இருந்திருக்கும்! மோசமாக நடித்தால் அந்தச் சங்கத்துக்கே அபராதம் போட்டார்கள். இந்த ஊரிலும் தெருவுக்கு ஒரு தொழில்தானே. இதை நானே நினைத்தேன் என்று எண்ணும்போது ராத்திரிச் சோறே வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வராந்தாவில் கூட்டம். நன்றாகப் போனது, கடைசிவரை.

தெற்குத்தெருத் தச்சர்களுக்கு நோவா. நோவாவின் மனைவி வாயாடி, பேழையில் ஏற மாட்டேன் என்று புருஷனைப் போட்டு அடிப்பாள், அதுதான் வழக்கம் என்றதும் பெண்கள் பக்கம் கைதட்டல். பஜார்க்காரர்களுக்கு ஏரோது ராஜா. அவன் வண்டியை விட்டே குதித்து ஜனங்களுக்குள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடலாம் என்றேன். கடைசி இராவுணவு எங்கள் மேலத்தெருவுக்கு. அண்ணன் மரியசவரியின் ரைஸ் மில்தானே ஊருக்கே சோறு. நடுத்தெருப் பட்டறைக்காரர்களுக்குச் சிலுவை, ஆணி. கீழத்தெருவுக்கு ஆண்டவரின் அடக்கம். காலங்காலமாக ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது அவர்கள்தான், ஆகவே எவ்வளவு பொருத்தம் என்று விளக்கினேன்.

அப்போது பின் வரிசையில் பெர்க்மான்ஸ் எழுந்தான். கீழத்தெருக்காரன், மின்வாரிய லைன்மேன், நாற்பது வயது இருக்கும். நல்ல குரல். கோயிலில் அவன் வாசகம் படித்தால் மைக் தேவையில்லை.

"சார், எங்க தெருவுல வாத்தியாரு நாலு பேரு இருக்காங்க. நர்சு ரெண்டு பேரு. நான் கரண்டு ஆபீசு. குழி வெட்டுதது பிச்சைமுத்துப் பெரியப்பா ஒருத்தருதான், அவருக்கும் எழுவது வயசாச்சு. நாடகத்துலயும் எங்களத்தான் வெட்டச் சொல்லுதீங்களா?"

 நான் தப்பாக எதுவும் சொல்லவில்லை, அவன் எடுத்துக்கொண்ட விதம் அப்படி. ஆனாலும் சபையில் ஆங்கிலேயனைப் போல் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். "சரி, நீயே சொல்லு. எது வேணும்?" என்றேன்.

"'பாதாளத்தில் இறங்கி'ன்னு வாராவாரம் விசுவாசப் பிரமாணத்துல சொல்லுதோம்லா சார். ஆண்டவர் பாதாளத்துக்குள்ள போயி, கதவ ஒடச்சி, ஆதாம் ஏவாளயெல்லாம் வெளிய கூட்டிட்டு வாராரு. அதக் குடுங்க. தொழில்தான் கணக்குன்னா, நரகத்துக்கு நாங்க லைட்டு போடுதோம்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு எந்தத் தெருவும் நரகத்தைக் கேட்கவில்லை என்பதால் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: அந்தக் கதைக்கும் ஓர் இயேசு வேண்டும்.

பிப்ரவரி 26, திங்கள்

பிலோமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "யாருக்கு எந்த வண்டின்னு தெரு தெருவாப் பிரிச்சிருக்கீங்களே, இந்த ஊர்ல தெருன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் தொழிலைப் பார்த்தேன், தெருவைப் பார்க்கவில்லை என்றேன்.

"பாஸ்கா ஏன் நின்னுச்சுன்னு தெரியுமா?"

ஏதோ சண்டை என்று அண்ணன் சொன்னதாக ஞாபகம். பிலோமி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பீன்ஸ் பொரியல் உப்புக் கரித்தது.

மார்ச் 2, சனி

கீழத்தெருவுக்குப் போனேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. அதற்கு முன் எப்போது போனேன் என்று நினைவில்லை. நரக வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியகால இங்கிலாந்தில் நரகம் என்றால் ஒரு ராட்சத வாய். பல்லோடு திறக்கும், புகை வரும், ஆத்துமாக்கள் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். என் புத்தகத்துப் படத்தை பெர்க்மான்ஸ் போனில் எடுத்துப் போயிருந்தான். மூங்கில், தார்ப்பாய், லாரி டியூப். கண்ணுக்குச் சிவப்பு பல்ப். கம்பியை இழுத்தால் மேல்தாடை தூக்குகிறது. நான்கு வாத்தியார்களும் பல் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அட்டையில்.

பெர்க்மான்ஸின் மனைவி ராக்கினிதான் ஏவாள். அந்தக் காலத்தில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள் என்றேன். "அப்பம் அந்த ஊருப் பொம்பளைங்க என்ன சார் பண்ணுனாங்க, சோறு வடிச்சாங்களா?" என்றாள். இருபது குழந்தைகள் ஆத்துமாக்கள். பெர்க்மான்ஸ் கையில் கொடிக்கம்போடு நின்று மூன்று முறை நரகக் கதவைத் தட்டினான். 'வாசல்களே, திறவுங்கள்' என்று நான் எழுதிக் கொடுத்த வசனத்தை அவன் சொன்னபோது எனக்கு மேல் சிலிர்த்தது. என் எழுத்து அத்தனை நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

டீ கொடுத்தார்கள். குடித்தேன். இதை எழுதுவது ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தவக்காலம் என்பதால் மீன் மட்டும், மூன்று வகை.

மதினி தட்டை எடுத்துப் போனதும் அண்ணன் ஆரம்பித்தார். "லே செலஸ்டின், ஏசு வேஷம் கட்டுனவன் வாசலுக்கு வந்தா என்ன செய்வோம்?"

தெரியாதா? இந்த ஊர்ப் பழக்கம் அது. இயேசுவாக நிற்பவர் வீட்டு வாசலுக்கு வந்தால், வீட்டுக்காரர்கள் தாம்பாளத்தில் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவி, பாதமுத்தி செய்ய வேண்டும். சின்னப் பையனாக இருந்தபோது நானும் முத்தமிட்டிருக்கிறேன்.

"கீழத்தெருக்காரன் கால நான் கழுவணும். ஒம் மதினி முத்தி செய்யணும். அதான ஒம் நாடகம்?"

இயேசு வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி இயேசு, உங்கள் வண்டி இயேசு உங்கள் பிள்ளைதான், அவரவர் இயேசு அவரவருக்கு, அதுதான் மத்தியகால வழக்கம் என்று விளக்கினேன்.

"அவன் வண்டி எங்க தெருவுக்குள்ள வரும்லா?"

வரும் என்றேன். வராமல் இருந்தால் நாடகமே இல்லை. அண்ணன் ரொம்ப நேரம் பல் குத்தினார். "இருவத்திரெண்டு வருசத்துக்கு மிந்தியும் இதத்தான் கேட்டானுவ. அன்னைக்கு ஒருத்தன் மண்டை ஒடைஞ்சுது. நீ படிச்சவன், பாத்து நடந்துக்கோ."

எனக்குச் சாதி கிடையாது. மாணவர்களிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் வீட்டு வஞ்சிரம் மட்டும் நன்றாக இருந்தது.

மார்ச் 13, புதன்

கிடைத்துவிட்டது! குளிக்கும்போது.

பொன்முகம். மத்தியகால இங்கிலாந்தில் கடவுளாக நிற்பவன் தன் முகத்தைக் காட்ட மாட்டான். பொன் பூசிக்கொள்வான், அல்லது பொன் முகமூடி அணிவான். ஒரு மனுஷ முகத்தைக் காட்டி இதுதான் கடவுள் என்று சொல்வது எப்படி? என் ஆய்வில் இருபத்தாறாம் பக்கம் தொடங்கி இதைப் பற்றித்தான். பெர்க்மான்ஸ் பொன் முகமூடியோடு நிற்கட்டும். பெயரை மைக்கில் சொல்ல வேண்டாம். யார் என்று தெரியாத ஒருவரின் காலைக் கழுவுவதில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது? மேலத்தெருவுக்கும் மானம் போகாது, கீழத்தெருவுக்கும் வேஷம் போகாது.

வியான்னி சாமி கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்!" அண்ணனும் மறுக்கவில்லை. "ம்" என்றார். அந்த 'ம்' சம்மதம்தான்.

பிலோமியிடம் சொன்னேன். துணியை மடித்துக்கொண்டே, "அந்த ஆளோட மூஞ்சிதான் உங்களுக்கெல்லாம் இடைஞ்சல், அப்படித்தானே?" என்றாள். இலக்கியம் படிக்காதவர்களிடம் இதையெல்லாம் பேசக் கூடாது.

மார்ச் 17, ஞாயிறு

பெர்க்மான்ஸிடம் சொன்னேன். கோயில் பின்னால் டிரான்ஸ்பார்மர் அடியில் நின்றோம். அவன் ஞாயிற்றுக்கிழமையும் இடுப்பில் கட்டிங் பிளேயரோடு இருக்கிறான்.

முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மத்த வண்டியில நிக்கித ஏசுவுக்கும் தங்க முகம் உண்டா சார்?"

அவர்கள் பாடுபடுகிற இயேசு, உன்னுடையது மகிமையுள்ள இயேசு, ஆகவே இறையியல்படி உனக்கு மட்டும்தான் என்றேன். உண்மையிலேயே அப்படி வாதிட இடம் இருக்கிறது.

அவன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். "எங்கப்பாவுக்கு மண்டை ஒடைஞ்சுதுலா சார், அந்தப் பாஸ்காவுல. ஏசு வேசம் கேட்டதுக்கு. ஒங்களுக்குத் தெரியுமே."

தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

"எனக்கு வேசம் பெருசு இல்ல. எங்க பிள்ளைங்க ஒரு நாளாவது மேலத்தெருவுக்குள்ள தலைய நிமிந்து போவணும். சாமி கூட போறோம்னு நெனச்சுப் போவணும். அதுக்காவ மூடிக்கிடுதேன் சார். ஆனா வண்டி உள்ள போயே ஆவணும். நடுவுல நிப்பாட்டிரக் கூடாது. வாக்குக் குடுங்க."

கொடுத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

குருத்து ஞாயிறு. கோயில் ஓலை போதவில்லை. மோட்டார் ரிப்பேர்.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. சிலுவை முத்தி செய்ய வரிசை. மேலத்தெரு முதலில், கீழத்தெரு கடைசியில். யாரும் சொல்லவில்லை, வரிசை தானாக அப்படி நிற்கிறது. இத்தனை வருடம் நான் கவனித்ததில்லை என்று எழுதப் போனேன். பிலோமி இதைப் படிப்பாளோ என்ற சந்தேகத்தில் விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 4, வியாழன்

முகமூடி மதுரையிலிருந்து வந்துவிட்டது. காகிதக்கூழ், மேலே தங்க ரேக்கு. கண்ணுக்கு ஓட்டை சின்னது. போட்டுப் பார்த்தேன், கண்ணாடியில் எனக்கே கும்பிடத் தோன்றியது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். பேச்சுவாக்கில், சனிக்கிழமை அந்த லைன்மேனுக்கு லீவு உண்டா என்று கேட்டார். லீவு கிடைக்கவில்லை, ஆனால் கம்பி அறுந்தது மாதிரி அவசரம் வந்தால்தான் கூப்பிடுவார்கள், பயமில்லை என்று பெர்க்மான்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணன் நல்ல முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார்.

ஏப்ரல் 6, சனி

காலை. இன்று நாடகம். ஐந்து மணிக்கு முதல் வண்டி. வெயில் கொளுத்துகிறது. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாடகம் நன்றாக நடந்தது. கடைசி வண்டிக்கு பெர்க்மான்ஸ் வர முடியாமல் போனதால் நான் நிற்க வேண்டியதாயிற்று. முகமூடிக்குள் புழுக்கம் தாங்கவில்லை, மேலத்தெருவில் கழற்றிவிட்டேன்.

பூசைக்குப் போகவில்லை. கால் வலி.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று எழுதியது பொய். புழுக்கம் இருந்தது உண்மை, கழற்றியது அதனால் இல்லை.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு மேலத்தெருவில் கரண்ட் போய்விட்டது. ரைஸ் மில் பின்னால் கம்பி அறுந்து தரையில் கிடக்கிறது, மாடு குறுக்கே போகிறது, உடனே வா என்று பெர்க்மான்ஸுக்குப் போன். அவன் அப்போது வெள்ளை அங்கி உடுத்தி முகமூடியைக் கையில் வைத்திருந்தான். அங்கியைக் கழற்றி ராக்கினியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். "உசிரு போற காரியம் சார். போவாம இருக்க முடியாது. வண்டிய நிப்பாட்டிராதீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினான்.

வண்டியில் இருபது குழந்தைகள் உடம்பில் சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண், சாமி எங்கே என்று கேட்டது. எனக்கு அப்போது ஒரு வீரம் வந்தது. நானும் அவன் உயரம்தான். முகம் தெரியப் போவதில்லை. வசனம் நான் எழுதியதுதான். "நான் நிக்கிறேன்" என்றேன். ராக்கினி உடனே சம்மதிக்கவில்லை. "கடைசி வரைக்கும் நிப்பீங்களா சார்?" என்று கேட்டாள். "என்னம்மா கேள்வி இது?" என்றேன்.

கீழத்தெருவில் எல்லோரும் முத்தி செய்தார்கள். தெற்குத்தெருவில் தச்சர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பஜாரில் பாதிப் பேர். நடுத்தெருவில் நாலைந்து பேர். மேலத்தெருவுக்குள் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்க விளக்கு இல்லை, எங்கள் வண்டி ஒன்றுதான் ஜெனரேட்டரில் எரிந்துகொண்டு போனது. கதவெல்லாம் சாத்தியிருந்தது. முன்னால் போன நாலு வண்டிக்கும் இதே வாசல்களில் சர்பத் கொடுத்திருக்கிறார்கள், காகித டம்ளர்கள் கிடந்தன.

அண்ணன் வீட்டு முன்னால் வண்டி நின்றது. அதுதான் நான் குறித்துக் கொடுத்த இடம். படியில் அண்ணன், அவருடைய இரண்டு மகன்கள், மில் ஆட்கள் ஆறேழு பேர். நான் கொடிக்கம்பைத் தூக்கி நரகக் கதவை ஒரு தடவை தட்டினேன். இரண்டாம் தடவை தட்டுவதற்குள் ஒரு வாளி சாணித் தண்ணீர் வந்து விழுந்தது. பாதி என் மார்பில், பாதி முன்னால் நின்ற அந்தச் சின்னப் பெண்ணின் தலையில்.

"ஒருத்தன போஸ்ட்டுல ஏத்திவிட்டா, இன்னொருத்தனுக்கு மூஞ்சிய மூடி ஏத்திட்டு வாரீயளோ? எறங்குல நாயே!"

அண்ணன் குரல். நான் பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். அது அப்படியும் பேசும் என்று எனக்குத் தெரியாது. தெரியும். எனக்கு நேரே பேசியதில்லை, அவ்வளவுதான்.

மூத்த மகன் கையில் செங்கல் இருந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தபோது செங்கல் மட்டும்தான் தெரிந்தது. கை தானாக முகமூடியைப் பிய்த்தது. "அண்ணே, நாந்தான்! செலஸ்டின்! அடிச்சிராதீங்க, நாந்தான்!" கல்லூரியில் மைக் இல்லாமல் என் குரல் நாலாம் பெஞ்சைத் தாண்டியதில்லை. அன்று தெரு முழுக்கக் கேட்டது.

 பிறகு சிரிப்பு. அண்ணன்தான் முதலில் சிரித்தார். "அட கூறுகெட்டவனே, மிந்தியே சொல்லப்பிடாதா?" கதவுகள் திறந்தன. மதினி, "ஐயோ, கொழுந்தனாரா!" என்று பதறிக்கொண்டு தாம்பாளத்தோடு ஓடி வந்தாள். என் காலில் வழிந்த சாணியைக் கழுவினாள். முத்தி செய்தாள். அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்தார்கள். செங்கல் வைத்திருந்தவனும் அதைக் கீழே போட்டுவிட்டு வந்து குனிந்தான்.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பயந்தேன் என்று எழுதினால் போதாது. பயம் கழற்றியதோடு போய்விட்டது. மதினியின் கை பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.

பின்னால் திரும்பிப் பார்த்தபோது ராக்கினி அந்தப் பெண்ணின் தலையைத் தன் சேலையால் துடைத்துக்கொண்டிருந்தாள். "எறங்குங்க பிள்ளைகளா" என்றாள், அவ்வளவுதான். நரகத்தின் வாய் வழியாக ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். ஆதாமாக நின்ற வாத்தியார் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார். டிராக்டர் ஓட்டியவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. இன்னும் ஆறேழு பேர் முத்தி செய்ய வரிசையில் நின்றார்கள், நான் நின்றேன்.

பிலோமி தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அங்கியைத் துவைக்கவில்லை, துவைக்கவும் விடவில்லை.

ஏப்ரல் 10, புதன்

பெர்க்மான்ஸ் வந்தான். வண்டியில் மாட்டிய ஒயரையும் பல்புகளையும் கணக்குப்படி கரண்டு ஆபீசில் ஒப்படைக்க வேண்டுமாம், எங்கள் ஷெட்டில் கிடந்தன. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே பேசினான். "மில்லுக்குப் பின்னால உள்ள போஸ்ட்டுலதான் சார் இருந்தேன். கம்பி தானா அறுந்து விழல. கொம்புல அருவாளக் கட்டி இழுத்திருக்காங்க. மேலேருந்து பாத்தா ஒங்க தெரு பூராத் தெரியும். இருட்டுக்குள்ள நம்ம வண்டி மட்டும் வெளிச்சமா வந்துச்சு. அழகா இருந்துச்சு சார். எம் பிள்ளை முன்னால நின்னுச்சு, அதுவும் தெரிஞ்சுது."

சாணித் தண்ணீர் யார் தலையில் விழுந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இறங்கி வந்திருக்கலாமே நீங்க" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

"கம்பிய இழுத்துக் கட்டாம எப்படி சார் எறங்க? மாடு கன்னு, சின்னப் பிள்ளைங்க நடமாடுத இடம். கட்டி முடிச்சி கரண்ட விட்டேன். ஒங்க அண்ணாச்சி வீட்டுல லைட்டு எரிஞ்சுது. அப்பம் ஒங்க காலக் கழுவிக்கிட்டு இருந்தாங்க."

ஒயரின் நுனியை முடிச்சுப் போட்டான். பிறகு என்னை நேராகப் பார்த்தான்.

"நீங்க யாருன்னு சொன்னதும் கல்லக் கீழ போட்டுட்டாங்க. நான் அங்கன நின்னு, நான் யாருன்னு சொல்லியிருந்தா சார்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இங்கிலாந்து என்ற வார்த்தைதான் முதலில் வந்தது. மூடிக்கொண்டேன். அவர் பல்புகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். பிலோமி கேட் வரைக்கும் போய்த் திறந்துவிட்டாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

வியான்னி சாமி வந்தார். மேலத்தெருக்காரர்கள் ரொம்பத் திருப்தியாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் எனக்குப் பொன்னாடை போடப் போகிறார்கள். கீழத்தெருவில் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். அந்தப் பெண்பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டேன். சாமிக்குத் தெரியவில்லை.

பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "எதுக்கு சாமி இதெல்லாம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு வேண்டும் என்றுதான் அர்த்தம், எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பூசைக்குப் போனோம். கீழத்தெருக்காரர்கள் உட்காரும் கடைசி பெஞ்சுகள் ஆறும் காலி. வாசகம் படிக்க ஆள் இல்லாமல் உபதேசியாரே மைக்கில் படித்தார், ஒன்றும் புரியவில்லை.

பிலோமி எப்போதும் போல் முன்னால் வரவில்லை. அந்தக் காலிப் பெஞ்சில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பூசைப் புத்தகத்தைத் திறந்தாள்.

நான் நடுவில் நின்றேன். பின்னால் போக எத்தனை அடி, முன்னால் போக எத்தனை அடி என்று தெரியும்; கிட்டத்தட்ட ஒரே தூரம். முதல் பெஞ்சில் அண்ணன் எனக்காகத் துண்டு விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார். கையைக் காட்டினார்.

போய் உட்கார்ந்தேன்.